குசினி, குட்மேய்ஸ்: தோட்டத்திலிருந்து ஒரு தோற்றம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன், அவ்வளவுதான். அவனுக்கு வண்டி ஓட வேண்டியிருந்தது, கண்டுபிடித்தான். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குக் குளிர்ந்திருக்கும். ஆனால் விழுந்துபோன ஒரு சுவரின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று, "இதைத் தொடாதீர்கள், இப்போதுதான் இது பூரணமாகியிருக்கிறது" என்று முதன்முதலில் சொன்ன ஆங்கிலேயன் இருக்கிறானே, அவனே மேதை. மனித நாகரிகம் அந்த நிமிடத்தில் உச்சிக்கு ஏறியது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. இறங்குவதற்கான படிக்கட்டு இடிந்திருந்தது. அதைத் திருத்த அனுமதி கிடைக்கவில்லை.

இந்தப் பேருண்மையைத் தன் சொந்த வீட்டில், சொந்த மனைவியின் தலைக்கு மேல் நடைமுறைப்படுத்திய முதல் தமிழர் என்ற புகழ் கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் வசிக்கும் ஐம்பத்திரண்டு வயது யோகலிங்கத்துக்கு உரியது. அவர் அந்தப் புகழைத் தேடிப் போகவில்லை. அவர் தேடிப் போனது ஒரு கூரையை.

யோகலிங்கம் மத்திய லண்டனில் உள்ள ஒரு பெரிய நூதனசாலையில் காவலர். "காவலர்" என்பது பழைய வழக்கு. மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பதவியின் பெயரை "பார்வையாளர் அனுபவத் துணைவர்" என்று உயர்த்தினார்கள். சம்பளம் உயரவில்லை. உட்காரும் கதிரையையும் எடுத்துவிட்டார்கள், துணைவர் நின்றுகொண்டிருந்தால்தான் பார்வையாளருக்கு அனுபவம் ஏற்படும் என்று ஓர் ஆய்வு சொன்னதால்.

ஆகவே அவர் நின்றார். ஆறு வருடங்களாக, நாளுக்கு எட்டு மணித்தியாலம், பதினோராம் அறையில், ஒரு படத்துக்குப் பக்கத்தில். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞன் ஒருவன் தீட்டிய படம் அது. பிரபுக்களுக்குப் புது மாளிகை கட்டிக் கொடுப்பது அவன் தொழில். ஒரு தடவை ஸ்கொட்லாந்துக்குப் போனவன், குன்று ஒன்றில் குந்தியிருந்து, பழுப்பு மையாலும் சாம்பல் நிற நீர்வர்ணத்தாலும் ஓர் இடிந்த கோட்டையை வரைந்துவிட்டான். அந்தக் கோட்டையின் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டுமென்றால் தொண்டையில் மீன்முள் சிக்கியிருக்க வேண்டும். பாதிக் கோபுரம் இல்லை. யன்னலுக்குள்ளால் மரம் வளர்ந்திருக்கிறது. கீழே, கோட்டை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக, எறும்பளவில் ஒரு மனிதனும் ஒரு மாடும்.

அந்தக் கடதாசிக்கு நடக்கும் பணிவிடையை யோகலிங்கம் பிறந்த குழந்தைக்கும் கண்டதில்லை. வெளிச்சம் அளந்து விடப்பட்டது. காற்றின் ஈரப்பதன் ஐம்பது வீதத்தைத் தாண்டினால் மேல்மாடியில் மணி அடிக்கும். கலாநிதிப் பட்டம் பெற்ற இருவர் படியிறங்கி ஓடி வருவார்கள். கோட்டைக்குக் கூரை இல்லை. கோட்டையின் படத்துக்குக் கூரை இருந்தது, அதற்கு மேல் இன்னொரு கூரையும் இருந்தது. யோகலிங்கத்தின் குசினிக்கு ஒன்றுகூட இல்லை.

குசினி என்றால் சமையலறை. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். யாழ்ப்பாணத்தார் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள், லண்டனுக்கும் கொண்டுவந்தார்கள். யோகலிங்கத்தின் பழைய குசினி குளியலறையாகிவிட்டதால் புதுக் குசினி தோட்டத்துப் பக்கமாக நீட்டிக் கட்டப்பட்டது. மூன்று மீற்றர் நீட்டலாம் என்றது சட்டம். யோகலிங்கம் நாலரை நீட்டினார். உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் வந்து அளந்தது. வருட முடிவுக்குள் முழுவதையும் இடித்து அகற்றும்படி கட்டளை வந்தது.

கட்டிய கௌசிகனே இடிக்கவும் வந்தார். சுவிஸிலும் பிரான்ஸிலும் கட்டட வேலை பழகி லண்டனுக்கு இடம்பெயர்ந்தவர். அவருடைய வேலை முறை தனித்துவமானது. எந்த வேலையையும் முதல் நாளே பாதி முடித்துவிடுவார். மற்றப் பாதி, இன்னொருவர் வீட்டில் முதல் பாதியைத் தொடங்க வேண்டியிருப்பதால் நின்றுவிடும். மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் கூரையைக் கழற்றினார், பின்சுவரில் பாதியைத் தட்டினார், "மிச்சத்தை வாற கிழமை பாப்பம் அண்ணை" என்று சொல்லித் தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கிழமை வரவில்லை. அதற்குள் வைகாசி வந்துவிட்டது. யோகலிங்கத்தின் மனைவி மாலினி நீலப் பிளாஸ்டிக் தறப்பாளுக்குக் கீழே சோறு வடித்தாள். அவள் பகலில் ஆரம்பப் பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள். அங்கே தலைக்கு மேல் கூரையும் புகை உறிஞ்சியும் இருந்தன. வீட்டில் இரண்டு பேருக்குச் சமைக்க மழைக்கோட்டுப் போட வேண்டியிருந்தது. உடைந்த சுவரின் வெடிப்பில் ஒரு செடி முளைத்து ஊதாப்பூப் பூத்தது. புறாக்கள் வந்து பருப்பைப் பார்த்தன.

யோகலிங்கம் சட்டத்துக்குப் பணிந்து விண்ணப்பித்தார். மூன்று மீற்றருக்குள் சுருக்கி, ஒழுங்காகக் கூரை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். பதில் ஆறு பக்கம். ஐந்தரைப் பக்கம் வணக்கமும் நன்றியும். மிச்ச அரைப் பக்கத்தில் இருந்தது: "கட்டடக்கலைச் சிறப்பு எதுவும் இல்லாத வடிவமைப்பு. நிராகரிக்கப்படுகிறது."

"கட்டடக்கலைச் சிறப்பு எண்டா என்னப்பா?" என்று மாலினி கேட்டாள்.

யோகலிங்கம் யோசித்தார். "அது எனக்குப் பக்கத்திலைதான் தொங்குது" என்றார்.

"அப்ப அதைப் பாத்துப்போட்டு வந்து சொல்லுங்கோ. பனி காலத்துக்கு முதல் எனக்கு மேலை ஏதாவது வேணும். தகரமெண்டாலும் காணும்."

அவர் பார்த்தார். அடுத்த நாள் அந்தப் படத்தின் முன்னால் ஓர் அம்மையார் முக்கால் மணித்தியாலம் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டவர். ஒரு கட்டத்தில் அவர் பெருமூச்சு விட்டபடி யோகலிங்கத்தின் பக்கம் திரும்பி, இந்தக் கோட்டை முழுதாக இருந்திருந்தால் நீங்களும் நானும் இதைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டோம், இல்லையா, என்று ஆங்கிலத்தில் கேட்டார். கூரை என்பது கண்ணை மறைக்கும் ஒரு மூடி என்றார். வானமே ஒரு கட்டடத்தின் உண்மையான முடி என்றும் சொல்லிவிட்டு, மழை பெய்துகொண்டிருந்ததால் நூதனசாலைத் தேநீர்க் கடைக்குள் போய் உட்கார்ந்தார்.

யோகலிங்கத்துக்கு ஞானம் பிறந்தது. கவுன்சிலுக்குத் தான் அனுப்பியது வெறும் கோடுகள். கௌசிகன் கணினியில் கீறிக் கொடுத்த, மயிரிழை போன்ற நரைத்த கோடுகள். சிறப்பு கட்டடத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது. குசினியின் சிறப்பு தெரியும்படி ஒரு படம் கீறி அனுப்பினால், இவ்வளவு சிறப்பான இடத்துக்குக் கூரை இல்லாமல் இருப்பது அநியாயம் என்று கவுன்சிலே அழுதுவிடும்.

ஒரு சனிக்கிழமை அவர் தோட்டத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். ஆறு வருடமாகப் பார்த்த ஒவ்வொரு கோடும் கையில் இருந்தது. மைக்குள் தேயிலைச் சாயம் கலந்து பழுப்பாக்கினார். உடைந்த சுவரை உடைந்தபடியே கீறினார். ஊதாப்பூச் செடியை யன்னலுக்குள்ளால் வளரவிட்டார். தறப்பாளை விட்டுவிட்டார், அது அழகாக வரவில்லை. அளவு தெரியவேண்டும் என்பதற்காகக் கீழே எறும்பளவில் அகப்பையோடு ஒரு பெண்.

மாலினி வந்து எட்டிப் பார்த்தாள். "இது நானோ?"

"ஓம்."

"நான் ஏன் இவ்வளவு சின்னன்?"

"அப்பதான் குசினி பெரிசாத் தெரியும். கலை மாலினி, உமக்கு விளங்காது."

"நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"நான் கீறுறன்."

"ஓம்" என்றாள் மாலினி. "கீறுறவர் ஒருநாளும் நனையிறதில்லை."

தலைப்பு எழுதுவதுதான் மிச்சம். பழைய படங்களில் இருப்பதுபோல் வாலும் கொம்பும் வைத்த ஆங்கில எழுத்தில் "கிச்சின்" என்று எழுதிப் பார்த்தார். அத்தனை வளைவுகளுக்குள் அது "சிக்கின்" என்று வாசிக்கத் தோன்றியது. கவுன்சில் கோழிக்கூடு என்று நினைத்துவிடும். ஆகவே வீட்டில் வழங்கும் சொல்லையே எழுதினார்: "குட்மேய்ஸில் உள்ள குசினி, அதன் சிதைந்த நிலையில், தோட்டத்திலிருந்து ஒரு தோற்றம்." மற்றதெல்லாம் ஆங்கிலம். குசினி மட்டும், ஆங்கில எழுத்திலேயே, குசினி.

தமிழரின் கட்டடக்கலை வரலாறு அந்த ஒரு சொல்லில் திரும்பியது.

கவுன்சிலில் பாரம்பரியப் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே ஷெறோன் என்ற இளம்பெண் வேலை செய்தாள். லண்டனிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. வீட்டுத் தமிழ் விளங்கும், வாயில் ஆங்கிலம்தான் வரும், பெரியவர்கள் எல்லோரும் அங்கிள், அன்ரி. படம் அவளுடைய மேசைக்குப் போய், அங்கிருந்து "இடிபாட்டு மதிப்பீட்டுக் குழு" என்ற உயர் சபைக்குப் போனது. அந்தக் குழு கூடி இரண்டு மணித்தியாலம் ஆராய்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முறையில் வரையப்பட்டிருக்கிறது, சரி. பழுப்பு மை, சரி. ஆனால் இந்தக் குசினி யார்? பெயர் இகரத்தில் முடிகிறது. ஆகவே இத்தாலியன். லண்டனுக்கு வந்து, வறுமையில் வாடி, கிழக்குப் புறத்தில் ஒரே ஒரு கட்டடத்தைக் கட்டிவிட்டு மறைந்துபோன கட்டடக் கலைஞனாக இருக்க வேண்டும் என்று ஒருவர் ஊகித்தார். இன்னொருவர் அவனை ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் அவன் இளமையிலேயே காசநோயால் இறந்ததை உறுதிப்படுத்தினார்.

ஆடி மாதம் குழு நேரில் வந்தது. ஐந்து பேர், முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. தலைமை தாங்கி வந்தவர் அதே சங்கிலிக் கண்ணாடி அம்மையார். யோகலிங்கத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சீருடை இல்லாத துணைவர் அனுபவத்தில் சேர்த்தியில்லை.

அவர்கள் குசினிக்குள் தொப்பி கழற்றி நுழைந்தார்கள். ஒருவர் பாசியின் தடிப்பை அளந்தார். சுவரின் கோணலைக் கண்டு ஒருவர் பேச்சிழந்தார். கௌசிகன் சுவிஸில் பழகிய சாந்தும் பிரான்ஸில் பழகிய கோணமும் அந்தச் சுவரில் சந்தித்திருந்தன. அது "ஐரோப்பியப் பாணிகளின் தயக்கமான கலப்பு" என்று குறிக்கப்பட்டது. தறப்பாள் "பிற்காலச் சேர்க்கை, அகற்றத் தக்கது" ஆனது. அடுப்பில் வெந்துகொண்டிருந்த கத்தரிக்காய்க் கறியையும் ஒருவர் குனிந்து பார்த்து ஏதோ எழுதினார்.

தலைவி மாலினியிடம், இந்தச் சிதைவு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கேட்டார்.

"மத்தியானம்" என்றாள் மாலினி ஆங்கிலத்தில். "நான் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன்."

அதுவும் குறிக்கப்பட்டது. வாய்வழி மரபு.

யோகலிங்கத்தின் மனம் நிறைந்திருந்தது. கூரை என்ற சொல்லை அவர் இரண்டு தடவை எடுத்தார். இரண்டு தடவையும் தலைவி நெஞ்சில் கைவைத்து, அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் என்றார்.

புரட்டாதியில் ஷெறோன் தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், கொங்கிராஜுலேஷன்ஸ். உங்கட கிச்சின் லிஸ்டட். கிரேட் டூ."

இங்கே ஒரு சொல் விளக்கம் அவசியம். இந்த நாட்டில் "லிஸ்டட்" என்றால், அரசாங்கம் பாதுகாக்கும் கட்டடங்களின் பட்டியலில் ஏறிவிட்டது என்று பொருள், கிரேட் டூ என்றால் அதில் இரண்டாம் தரம். ஆனால் கிழக்கு லண்டன் தமிழருக்குத் தெரிந்த லிஸ்ட் ஒன்றே ஒன்றுதான்: கவுன்சிலிடம் எதையாவது கேட்டுவிட்டுக் காத்திருப்போரின் லிஸ்ட். யோகலிங்கத்துக்கும் அதுதான் தெரியும். கூரை அனுமதிக்கான வரிசையில் தான் இரண்டாவது ஆளாக நிற்பதாக அவர் விளங்கிக்கொண்டார்.

"அப்ப முதலாவது ஆர்?" என்றாள் மாலினி.

"ராசாவின்ரை அரண்மனையாக்கும். அதுவும் ஒழுகுதாம்."

அன்று பின்னேரமே இருவரும் மனோர் பார்க் முருகன் கோவிலுக்குப் போய்க் குசினியின் பெயருக்கு அருச்சனை செய்வித்தார்கள். ஐயர் நட்சத்திரம் கேட்டார். யோகலிங்கம் யோசித்துவிட்டு, கூரை கழன்ற நாளின் நட்சத்திரத்தைச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் மாலினியின் தமையன் பத்மநாதன் வீட்டில் லட்டுக் கொடுத்தார்கள். பத்மநாதன் ஒரு வீட்டுக்காகப் பதினான்கு வருடம் கவுன்சில் லிஸ்டில் இருப்பவர். கடைசியாகக் கேட்டபோது மூவாயிரத்துச் சொச்சமாவது ஆள். அவர் லட்டை வாயில் வைக்கவில்லை.

"பதினாலு வருசம் மச்சான். ரெண்டு பிள்ளையளும் லிஸ்டிலை நிண்டே வளந்து போச்சினம். நீ ஒரு படம் கீறி ரெண்டாவது இடத்துக்கு வந்திட்டாய். ஆரைப் பிடிச்சனி?"

"ஒருத்தரையும் பிடிக்கேல்லை. சிறப்பு இருக்கெண்டு அவையே சொல்லுகினம்."

பத்மநாதன் அடுத்த நாள் தன் வாடகை வீட்டின் ஒழுகும் குளியலறையைக் கதிரையில் இருந்து கீறத் தொடங்கினார்.

ஐப்பசியில் அதிசயம் நடந்தது. கௌசிகன் வந்தார். வான் வண்டியின் மேல் மரச்சட்டங்களோடு, எட்டு மாதத்துக்கு முந்திய ஒரு "வாற கிழமை"யைக் காப்பாற்ற வந்தார். இரண்டாவது இடத்தில் இருப்பதால் அனுமதி இன்றோ நாளையோ வந்துவிடும், ஆகவே தொடங்கலாம் என்று யோகலிங்கம் ஆணையிட்டார். முதலாவது ஆணி இறங்கியது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதைத் தட்டும்போது தோட்டத்துக் கதவால் ஷெறோன் ஓடி வந்தாள். வருடாந்தப் பாசி அளவெடுப்புக்கு வந்தவள்.

"அங்கிள், ஸ்டொப். இது கிரைம்."

கௌசிகன் சுத்தியலோடு கைகளை மேலே உயர்த்தினார். ஊர்ச் சோதனைச் சாவடிப் பழக்கம்.

அப்போதுதான் யோகலிங்கத்துக்கு "லிஸ்டட்" என்றால் என்ன என்று சொல்லப்பட்டது. தோட்டத்துக் கதிரையில் உட்கார வைத்து, ஆங்கிலத்திலும் உடைந்த தமிழிலும் மாறிமாறிச் சொல்லப்பட்டது. இடிக்கும்படி வந்த கட்டளை ரத்து. அது நல்ல சேதி. இனி அதை இடிக்க முடியாது. கட்டவும் முடியாது. கூரை போடுவது சிதைவின் "நேர்மையை"க் கெடுக்கும். தறப்பாளைக் கழற்ற வேண்டும். கோடையில் பாசி காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊதாப்பூச் செடியின் வேர் சுவரைப் பிளந்தால் பிளக்கவிட வேண்டும். வருடத்தில் ஒரு ஞாயிறு பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். சமையல் தொடரலாம், புகை சுவருக்கு முதுமை கொடுக்கும்.

"பிள்ளை, குசினி எண்டா கிச்சின்" என்றார் யோகலிங்கம். "இத்தாலிக்காரன் ஒருத்தனும் இல்லை. அது கிச்சின்."

"தெரியும் அங்கிள். அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவா." அவள் நிலத்தைப் பார்த்தாள். "பட் ரிப்போட் போயிட்டுது. இப்ப ஒரு புரொபெசர் குசினியைப் பற்றி புக் எழுதுறார்."

கௌசிகன் ஒருவருக்குத்தான் முகம் மலர்ந்தது. "அப்ப நான் பாதியிலை விட்டதுதான் சரி, என்ன அண்ணை? முழுக்க முடிச்சிருந்தா இந்த மரியாதை வந்திருக்குமோ?" அவர் அந்த மாதமே புது விசிட்டிங் காட் அடித்தார்: "கௌசிகன். கிரேட் டூ இடிபாடுகள். பாதி விலை."

தறப்பாளை மாலினியே கழற்றி மடித்தாள். பிறகு சோற்றுச் சட்டியை இறக்கி, குடையை விரித்து, அதன் கீழே இருந்து சாப்பிட்டாள். யோகலிங்கத்துக்குக் குடையில் இடம் கொடுக்கவில்லை.

மேன்முறையீடு செய்யலாம் என்றாள் ஷெறோன். ஒரே ஒரு தடவை. குழு சொல்வதே முடிவு. கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, கவுன்சில் மண்டபத்தில் விசாரணை நடந்தது. மண்டபத்துக்கு மூன்று அடுக்குக் கூரை. யோகலிங்கம் லீவு எடுத்து, கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தமிழில் பேச அனுமதி கேட்டார், ஷெறோன் மொழிபெயர்ப்பாள் என்று தீர்ந்தது. மாலினி பின்வரிசையில் இருந்தாள்.

தலைவி தொடக்கத்திலேயே முன்னுதாரணம் காட்டினார். பதினோராம் அறையில் தொங்கும் கோட்டைப் படத்தின் பெரிய பிரதி திரையில் விழுந்தது. இருநூற்றைம்பது வருடமாக இந்தக் கோட்டைக்குக் கூரை இல்லை என்றார். இதுவரை ஒரு முறைப்பாடும் வந்ததில்லை.

யோகலிங்கம் எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அது அவருக்குப் பழகிய இடம்.

"அம்மா, நான் இந்தப் படத்தோடை ஆறு வருசம் நிண்டனான். உங்களுக்குத் தெரியாத ஒண்டு எனக்குத் தெரியும். இந்த மூலையைப் பாருங்கோ. கோபுரத்துக்குக் கீழை. நாலு பலகையைச் சாத்தி ஒரு சின்னக் கூரை போட்டிருக்கு. அதுக்குள்ளாலை புகை வருது. ஆரோ உள்ளுக்கை இருந்து சமைக்கினம். உங்கடை கோட்டையிலையும் ஒரு குசினி இருந்திருக்கு. அதுக்குக் கூரையும் இருந்திருக்கு. எனக்கும் அவ்வளவுதான் வேணும். நாலு பலகை."

குழுவினர் கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். உண்மைதான். நகம் அளவுக்கு ஒரு சாய்ப்பு, அதிலிருந்து மயிர் போல ஒரு புகை. பின்வரிசையில் மாலினி முன்னுக்குச் சாய்ந்தாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவள் புருசனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள்.

தலைவி அந்தச் சாய்ப்பைப் பற்றி அறிந்திருந்தார். அது காட்சியின் அழகுக்கு இடைஞ்சலாக இருந்ததால், படம் வரைந்து சில வருடங்களில் கோட்டையின் சொந்தக்காரப் பிரபு அதை அகற்றிவிட்டார் என்று விளக்கினார். மிகச் சிறந்த பராமரிப்பு. இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யோகலிங்கம் கேட்டார்.

அதற்குப் பதிவு இல்லை.

பிறகு தலைவி கோப்பை மூடிவிட்டு, கனிவாக, தனிப்பட்ட ஒரு கேள்வி கேட்கலாமா என்றார். இத்தனை வருடப் பணியில் இப்படி ஒரு கண்ணை அவர் கண்டதில்லை. ஒரு சிதைவை இவ்வளவு துல்லியமாகப் பார்க்க, அதன் ஒவ்வொரு கல்லையும் உணர, யோகலிங்கம் எங்கே கற்றுக்கொண்டார்? அவருடைய நாட்டிலும் இப்படி அழகான இடிபாடுகள் உண்டா?

யோகலிங்கம் திரையை விட்டுக் குழுவின் பக்கம் திரும்பினார். ஷெறோன் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றார். "எங்கடை வீடும் ஒண்டு. தொண்ணூற்றஞ்சாம் ஆண்டு கூரை போனது. இஞ்சை நீங்கள் இடிஞ்ச பிறகு வந்திருந்து படம் கீறுறியள். அங்கை படத்தை முதலே கீறிப்போட்டினம். மேலையிருந்து பாத்து, அளவெடுத்து, வடிவாக் கீறினவை. பிறகுதான் குண்டு போட்டவை. போட்ட பிறகு ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. நாங்கள் நாலு மாசம் ஒரு மரத்துக்குக் கீழை இருந்து சமைச்சம். நான் ஒரு கண்ணும் பழகேல்லை அம்மா. நனைஞ்சம். அவ்வளவுதான்."

மொழிபெயர்க்க ஷெறோன் எழுந்தாள். அவளுடைய வீட்டுத் தமிழில் இதற்கெல்லாம் சொல் இருந்தது. கவுன்சில் ஆங்கிலத்தில் இல்லை. கடைசியில், விண்ணப்பதாரரின் குடும்பத்துக்கு இடிபாடுகளோடு நீண்டகாலத் தொடர்பு உண்டு, அவர்கள் அவற்றில் வாழ்ந்தும் இருக்கிறார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு யோகலிங்கத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள்.

குழு நெகிழ்ந்துவிட்டது. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். யாருக்காக என்று அறிக்கையில் இல்லை. அந்தக் குசினி என்ற இத்தாலியனுக்காகவும் இருக்கலாம்.

தீர்ப்பு மார்கழி தொடக்கத்தில் வந்தது. தடித்த கடதாசி. யோகலிங்கம் அதை வாசிக்க முற்பட்டபோது மழை எழுத்தைக் கரைக்கத் தொடங்கியதால், மாலினி அவர் கையிலிருந்து பறித்து, குளியலறைக்குள் கொண்டுபோய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உரத்து வாசித்தாள். அவர் வெளியே அடுப்படியில் நின்று கேட்டார்.

"இக்கட்டடத்தின் கூரையின்மையைப் பேணுவதற்கு, அதில் குடியிருப்பவரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. பொதுவாக இந்நாட்டவர்கள் நனைந்தவுடன் வேறிடம் போய்விடுகிறார்கள். விண்ணப்பதாரரோ கூரையற்ற வாழ்வில் இளமையிலேயே பயிற்சி பெற்றவர். அப்பயிற்சியை அவருக்கு இலவசமாக வழங்கியவர்களுக்குக் குழு தன் நன்றியைப் பதிவு செய்கிறது. இத்தகைய தகுதி வாய்ந்த ஒருவர் இக்கட்டடத்துக்கு மறுபடி கிடைக்கப்போவதில்லை. ஆகவே கூரை மறுக்கப்படுகிறது."